ஹெரால்டின் பின்சக்கரம்: வண்டலூர், சோழவரம், எங்கள் தெரு

தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. போன பதிவில் சொன்ன காஸ்ட் அக்கவுண்டிங் கட்டுரையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், இந்த முறை கார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டுவேன். அதுவும் திருத்தணி மலைப்பாதையில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும் (வண்டிக்கு).

விஷயம் ஆரம்பித்தது எங்கள் தெருவில்தான். நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கிறார். பழைய மாருதி எஸ்டீம் ஒன்று வைத்திருக்கிறார். அதில்தான் வேலைக்குப் போகிறார், அதில்தான் மாதம் ஒருமுறை அவருடைய அம்மாவை முதுகுவலி சிகிச்சைக்காக வேலூருக்குக் கூட்டிப்போகிறார். அதே காரைக் கொண்டுபோய் ஆட்டோகிராஸ் போட்டியில் ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஒரு நாள் கையில் ஒரு பட்டியலோடு வந்தார். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் 4, கடினமான ஷாக் அப்சர்பர் 4, பின்பக்கத்துக்குத் தடிமனான ஆன்டி-ரோல் பார் 1, கெட்டியான புஷ் ஒரு செட். எல்லாம் ஏதோ அமெரிக்கப் பக்கத்தில் படித்து எடுத்தது. சீட்டு எடுத்த பணம் அறுபதாயிரம் இருக்கிறதாம். "நீ பி.காம். தானே, எதை முதல்ல வாங்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்றார்.

கணக்கு என்றால் போடலாம். ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி வந்தது. ஒரே காரை வீட்டுக்கும் போட்டிக்கும் வைத்துக்கொள்வது என்ன புது விஷயமா? இதற்கு முன் நம் ஊரில் யாரும் செய்ததில்லையா? தேட ஆரம்பித்தேன். செய்திருக்கிறார்கள். அதுவும் முப்பது வருடத்துக்கு மேல், திருத்தணியிலிருந்து ரொம்ப தூரம்கூட இல்லை, சோழவரத்தில்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சோழவரம். ஏரிக்குப் பேர் போன ஊர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானம் போய்விட்டது, கான்கிரீட் மட்டும் நின்றது. அந்த ஓடுதளத்தில் 1950களில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் ஆரம்பித்தன. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அவற்றை நடத்தியது. (2010-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய கருண் சந்தோக் தெரியும் இல்லையா, அவருடைய தாத்தா இந்து சந்தோக் அந்தக் கிளப்பின் ஆரம்பகாலப் பெரிய மனிதர்களில் ஒருவர்.) பிப்ரவரி வந்தால் சோழவரம் என்று இருந்த காலம் அது. மகாராஜா வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களோடு வந்தார்கள். 1980களில் விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டுவந்து ஓட்டினார்.

எனக்கு அவர்கள் மேல் பெரிய ஆர்வம் இல்லை. எனக்குப் பிடித்தது அதே ஓடுதளத்தில் ஓடிய ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்கள்தான். அதாவது அன்றைக்கு மயிலாப்பூரிலும் தி. நகரிலும் டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் நின்ற அதே கார்கள்.

ஏன் அதே கார்கள்? வேறு கார் கிடையாது. 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, இந்தியாவில் படிப்படியாக உதிரி பாகங்களையும் தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் இருக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. வெறுமனே பெட்டியில் வந்ததைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. மிஞ்சிய கார் கம்பெனிகளில் முக்கியமானவை மூன்று. கல்கத்தா பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னைக்கு ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-ல் தொடங்கியது, தொழிற்சாலை வண்டலூரில். இன்று வண்டலூர் என்றால் மிருகக்காட்சி சாலை ஞாபகம் வரும், அன்று கார்.

அந்த வண்டலூரில் 1961-ல் வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. (திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1. ம.பொ.சி.யின் போராட்டம் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆக எங்கள் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வருடம் கழித்துத்தான் ஹெரால்டு வந்தது.) இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. இன்ஜின். முன்பக்கம் பானெட், மட்கார்டு எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக முன்னால் கவிழும், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்தில் திரும்பிவிடும், ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி. பிறகு இங்கேயே நாலு கதவு ஹெரால்டும் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது.

இப்போது சஸ்பென்ஷனுக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் ஊரில் வில்வண்டி தெரியும். கட்டை வண்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், வில் மாதிரி. பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர் இடுப்பு தப்பிக்கும். ஃபியட், அம்பாசடர் இரண்டிலும் பின்பக்கம் அடிப்படையில் அதே வில்வண்டிதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சு, இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், லாரிக்காரர்கள் பிளேட் என்பார்களே அது. இதில் ஒரு பெரிய வசதி, சமமான சாலையில் சக்கரம் எப்போதும் நேராகவே நிற்கும். குறை, அச்சு முழுவதும் கனம். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இன்னொன்றும் சாயும்.

ஹெரால்டு வேறு மாதிரி. முன்பக்கம் இரட்டை விஷ்போன், காயில் ஸ்பிரிங். அந்த முன்பக்கம் எவ்வளவு நல்ல வடிவமைப்பு என்றால், சக்கரத்தைத் தாங்கும் அந்த அப்ரைட்டை லோட்டஸ் உட்படப் பல சிறிய ஸ்போர்ட்ஸ் கார், ரேஸ் கார் கம்பெனிகள் வாங்கித் தங்கள் கார்களில் போட்டுக்கொண்டன. பின்பக்கமோ ஸ்விங் ஆக்ஸில். நடுவில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அச்சுத்தண்டு, உள்முனையில் மட்டும் ஒரு மூட்டு. பறவை சிறகடிப்பதுபோலத் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். 1961-ல் இந்தியாவில் ஓடிய கார்களில் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஆடுவது பெரிய ஆடம்பரம்.

சிக்கல் சிறகின் நீளத்தில் இருக்கிறது. தண்டு சுமார் அரை மீட்டர்தான். சக்கரம் 5 செ.மீ. மேலேயோ கீழேயோ போனால் சக்கரத்தின் சாய்வு கிட்டத்தட்ட 5 டிகிரி மாறிவிடும். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுகிறது. அந்த விசை தண்டு வழியாக மூட்டுக்குப் போய், காரின் பின்பாகத்தை மேலே தூக்குகிறது. கோலூன்றித் தாண்டுபவர் கோலை ஊன்றி எழும்புவதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்பாகம் எழும்ப எழும்ப, சக்கரம் காருக்கு அடியில் மடிகிறது. டயரின் முழுப் பட்டைக்குப் பதில் ஓரம் மட்டும் தரையில். பிடிப்பு சட்டென்று விடும், பின்பக்கம் சுழலும்.

இன்னும் மோசம், பயந்துபோய்த் திருப்பத்தின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால். எடை முன்னால் போகும், பின்பாகம் இன்னும் எழும்பும். பயத்தில் யாரும் இயல்பாகச் செய்யும் காரியமே காரைச் சுழற்றிவிடும்.

இது ஹெரால்டின் தனிப் பாவம் இல்லை. அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் காரில் இதே ஸ்விங் ஆக்ஸில். 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் கார் பற்றித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1964 மாடலில் ஒரு குறுக்குப் பட்டை சேர்த்தது, 1965-ல் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டது. என் கணக்குப் புத்தி சொல்வது: முதலிலேயே அந்தப் பட்டையைப் போட்டிருந்தால் ஒரு காருக்கு ஆகியிருக்கும் செலவு, பின்னால் போன மானத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சரி, ஹெரால்டை ஓடுதளத்துக்குக் கொண்டுபோகிறவர் என்ன செய்வார்? இங்கிலாந்திலும் சரி இங்கும் சரி, இயற்பியல் ஒன்றுதான். முதல் வழி, பின்பக்கத்தைத் தாழ்த்துவது. குறுக்கு ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு கட்டை வைத்தால் அல்லது ஸ்பிரிங் பட்டைகளின் வளைவைக் குறைத்தால் கார் இறங்கும். இறங்கினால் சக்கரங்கள் நிற்கும்போதே மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கால் அகட்டி நிற்பவர் மாதிரி இருக்கும். மடிவதற்கு முன் அவ்வளவு தூரம் கையிருப்பு. இரண்டாவது வழி, சக்கரம் ஓரளவுக்கு மேல் கீழே தொங்காமல் வார் போட்டுக் கட்டுவது. மூன்றாவது, முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்குவது. அப்போது திருப்பத்தில் சாயும் சுமையை முன்சக்கரங்கள் அதிகமாக ஏற்கும், பின்சக்கரத்துக்கு வேலை குறையும். இந்தக் கம்பியின் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விறைப்பு விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். 16 மி.மீ. கம்பியை 18 மி.மீ. ஆக்கினால் கூடுவது எட்டில் ஒரு பங்கு இல்லை, 60 சதவீதம்!

மூன்றுமே நன்றாக வேலை செய்யும். ஆனால் பந்தயம் முடிந்ததும் அதே காரில் வீட்டுக்குப் போக வேண்டுமே. தாழ்த்திய ஹெரால்டில் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் சக்கரம் இன்னும் அகட்டும், டயரின் உள் ஓரம் மட்டும் தேயும், பள்ளத்தில் கார் அடி வாங்கும். மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற கார் என்றால் வீட்டில் பேச்சு வாங்கும். கடையில் போய் இரண்டு செட் பாகம் வாங்கி, போட்டிக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று மாற்றலாமா? வெளிநாட்டுப் பாகம் இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் வராது. ஆக அந்தக் காலத்தில் சஸ்பென்ஷன் பாகம் தேர்ந்தெடுப்பது என்றால், பட்டறையில் உட்கார்ந்து இருக்கிற பட்டையைத் தட்டி நிமிர்த்துவது.

இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனி இதற்கு ஒரு நல்ல விடை கண்டுபிடித்தது. ஹெரால்டின் அடிப்படையில் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில், 1970-ல் அந்தக் குறுக்கு ஸ்பிரிங்கின் பட்டைகளில் பெரும்பாலானவை நடுவில் ஊசலாடும்படி செய்தார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஸ்பிரிங் முழுதாகத் தாங்கும். கார் ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பிரிங் தராசுபோல ஆடிக் கொடுக்கும், பின்பாகத்தைத் தூக்குவதற்கு இடம் தராது. கூடவே முன்பக்கக் கம்பியைத் தடிமனாக்கிச் சாய்வைப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக ஒரு தண்டு இல்லை, ஒரு மூட்டு இல்லை. செலவுக் கணக்குப் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது கவிதை.

வண்டலூர் என்ன செய்தது? இங்கேதான் கதை திரும்புகிறது. 1972-ல் ஹெரால்டை மாற்றியமைத்து ஸ்டாண்டர்ட் கேஸல் என்று விட்டார்கள். அதே 948 சி.சி. இன்ஜின். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு உறுதியான ஒற்றை அச்சு! அதாவது மீண்டும் வில்வண்டி. காரணம் ரேஸ் ஓடுதளம் இல்லை. வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஊசல் அச்சு பிடிக்கவில்லை.

முதலில் படித்தபோது இது பின்னடைவு என்றுதான் எனக்குத் தோன்றியது. உலகம் தனி சஸ்பென்ஷனுக்குப் போகும்போது நாம் மட்டும் பின்னால் போனோமே என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஐந்து பேர் உட்காரும் இடத்தில் எட்டு பேரும் மேலே மூட்டையும் ஏற்றும் ஊர் இது. சுமை மாற மாறச் சாய்வு மாறும் அச்சை விட, எத்தனை பேர் ஏறினாலும் நேராக நிற்கும் அச்சு நம் சாலைக்குப் பொருந்தியது. பழுது பார்ப்பவர் எந்த ஊரிலும் கிடைத்தார். திருத்தணியில் நின்றுபோனால் திருத்தணியிலேயே சரிசெய்ய முடிந்தது. (கேஸலும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. 1985-ல் கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு திரும்பிவந்து கையைச் சுட்டுக்கொண்டது தனிக் கதை.)

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-ல் பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் என்ற ஃபைபர் உடம்புக் கார் வந்து, எடை குறைவு என்ற ஒரே பலத்தில் போட்டிகளில் கலக்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1988 வாக்கில் கோவை கரிவரதன் அந்த மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று தனி ரேஸ் கார்களே செய்தார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்தில் நிரந்தர ஓடுதளம் வந்தபின் சோழவரம் ஓய்ந்தது. வீட்டுக்கார் வேறு, ரேஸ் கார் வேறு என்று இரண்டாகப் பிரிந்தன. இன்று வீட்டுக்காரோடு ஒருவர் போட்டிக்குப் போக வேண்டும் என்றால் மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று ஆட்டோகிராஸ்.

இங்கேதான் அண்ணனின் பட்டியலில் ஓட்டை தெரிந்தது. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றால் பெரிய கார் பார்க்கிங் மாதிரி இடத்தில், வழவழப்பான தரையில், பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டுவது. அங்கே கார் தாழ்ந்தும் விறைத்தும் இருந்தால் நல்லது. நம் ஊரில் அதே பெயரில் நடப்பது பெரும்பாலும் மண் மைதானத்தில். குழி, மேடு, புழுதி. அங்கே சக்கரத்துக்கு மேலும் கீழும் ஆட நிறைய இடம் வேண்டும். தாழ்த்திய கார் முதல் மேட்டிலேயே வயிற்றில் அடிவாங்கும். பெயர் ஒன்று, விளையாட்டு வேறு. அவர் வாங்க நினைத்த நான்கில் முதல் பாகமே அவர் போகிற போட்டிக்கு எதிரி. தாழ்ந்த ஹெரால்டில் அகலக் கால் வைத்து சோழவரம் போனவருக்காவது கீழே கான்கிரீட் இருந்தது.

இதை அவரிடம் சொன்னபோது கொஞ்சம் முகம் சுருங்கினார். "அப்போ இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுத்து வெட்டிட்டா விறைப்பாவது வருமில்ல?" என்றார். வரும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் ஐந்து மிஞ்சும், விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் உயரமும் போகும். அதோடு வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. அவருடைய நண்பர் ஒருவரின் காரில் இப்படி வெட்டிய ஸ்பிரிங், ஜாக்கி போட்டுத் தூக்கியபோது இருக்கையை விட்டுத் தனியாக நழுவி நின்றதை அவரே பார்த்திருக்கிறார். பார்த்தும் கேட்கிறார்! ஆசை அப்படி.

நானும் அவருமாக பைபாஸ் பக்கம் லாரிகளுக்கு பிளேட் கட்டும் பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு பெரியவர். சின்ன வயதில் சென்னையில் கார் பட்டறையில் எடுபிடியாக இருந்தவராம். ஹெரால்டு என்றதும் சிரித்தார். "பின்சக்கரம் ரெண்டும் கால் அகட்டிக்கிட்டு நிக்குமே, அதானே? டயரை மாத்தி மாத்திப் போட்டுக் குடுத்திருக்கேன் தம்பி." எஸ்டீமுக்கு அடியில் படுத்து ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தார். நான்கு ஷாக் அப்சர்பரில் இரண்டு எண்ணெய் கசிந்து செத்துவிட்டன, பின்பக்க புஷ்கள் வெடித்துவிட்டன, முன்பக்க ஒரு பால் ஜாயின்ட் ஆடுகிறது. அதாவது இந்த ஒரு வருடமாக அவர் அம்மா வேலூர் போய்வந்தது இந்த நிலையில். அண்ணன் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

கடைசியில் நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. ஷாக் அப்சர்பர் நான்கும் புதிது, கம்பெனி விறைப்பிலேயே. புஷ் எல்லாம் ரப்பரிலேயே புதிது. பால் ஜாயின்ட். இன்ஜினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, மண் மைதானத்துக்காக. நல்ல டயர் நான்கு (அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருப்பதால் எங்களுக்குக் குறைவாகத் தருவார்கள் என்று நினைக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட இல்லை). வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங்கில் கை வைக்கவில்லை. தடிமனான கம்பியைத் தள்ளிப்போட்டோம். அறுபதாயிரத்தில் மீதி வந்தது, அதை அடுத்த சீட்டில் போட்டுவிட்டார்.

போன வாரம் வேலை முடிந்து, முதல் ஓட்டமாக மலைப்பாதையில் கோயிலுக்குப் போனோம். முன்சீட்டில் அவர் அம்மா, பின்னால் நான். இரண்டாவது வளைவில் அம்மா, "என்னடா, வண்டி புதுசா?" என்றார்கள். போட்டி அடுத்த மாதம். பெயர் கொடுத்துவிட்டார். நேரம் எவ்வளவு வந்தது என்று பின்னூட்டத்தில் சொல்கிறேன்.